நடையும் நடத்தையும்

திருவண்ணாமலையில் முழுநிலா நாளன்று ஊரே நடக்கிறது. உள்ளூரார் மட்டுமல்லர், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆந்திரப் பகுதிகளிலிருந்தும் பேருந்திலும் இரயிலிலும் வந்திறங்கும் பெருங்கூட்டம், செருப்பைக் கழற்றிவிட்டு, மலையை வலப்பக்கத்தில் வைத்து, 14 கிலோமீட்டர் தொலைவை நடந்தே கடக்கிறது. அதனைக் கிரிவலம் என்பர். எட்டுத் திசைக்கு ஒன்றாக எட்டு இலிங்கக் கோயில்கள் அவ்வழியில் நிற்கின்றன. மாலையில் தொடங்குவோர் உளர். நள்ளிரவு கழிந்த பின் தொடங்குவோரும் உளர். கைக்குழந்தையைத் தோளில் சுமந்த தந்தையர், கோலூன்றிய மூதாட்டியர், கைப்பேசியில் பேசிக்கொண்டே செல்லும் இளைஞர் என எல்லாரும் நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் நடக்கின்றனர். இவ்வளவு நடையும் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்வதற்காக!

இங்ஙனம் மலையை வலம் வருவது நம் மார்க்கத்தின் வழக்கமன்று. அவ்வழக்கத்தை எடைபோடுவதற்காக நாம் இதனை எழுதவுமில்லை. அண்டை வீட்டார் தம் நெறியில் நடக்கின்றனர். அவர்களை மதிப்பது நம் கடன். நம் சிந்தனையைத் தூண்டியது அந்த நடையைச் சொல்வதற்குத் தமிழ் வைத்திருக்கும் சொல். ஒருவன் காலால் நடப்பதற்கும் அவன் வாழ்வில் ஒழுகுவதற்கும் தமிழில் வேர் ஒன்றே. ‘அவன் நடை சரியில்லை’ என்று ஒரு பெரியவர் கூறினால், அவர் குறிப்பது அவனுடைய முழங்காலையா, குணத்தையா? கேட்பவன் இடமறிந்து பொருள் கொள்கிறான். மொழி இவ்விரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவைத்திருப்பது தகுமா? நன்றாக நடந்தவன் நன்றாக நடந்துகொள்பவன் ஆவானா? இதுவே நம் கேள்வி.

முதலில் சொல்லைச் சற்றுச் சுற்றிப் பார்ப்போம்.

நடத்தல் என்ற வினையிலிருந்து தமிழர் எடுத்த சொற்களுக்கு அளவில்லை. நடத்தை, நடப்பு, நடமாட்டம், நடைமுறை, நடவடிக்கை ஆகிய யாவும் ஒரு தாய் மக்கள். கடையையும் நடத்துகிறோம், குடும்பத்தையும் நடத்துகிறோம், பாடமும் நடத்துகிறோம், ‘என்னை மரியாதையாக நடத்தவில்லை’ என்று மனம் நொந்தும் கொள்கிறோம். ஒரு முறை சென்று வருவது ‘ஒரு நடை’. வேலை முடியாமல் திரும்பத் திரும்பச் செல்வது ‘நடையாய் நடப்பது’. குழந்தை பிடித்து நடை பழகும் மூன்று சக்கர மரவண்டி நடைவண்டி. உயிர் இருந்தும் உணர்வற்றவன் நடைப்பிணம். ஆடும் மாடும் கால்நடை. திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில், வாங்குபவர் மாட்டை நடக்கவிட்டுப் பார்த்த பின்னரே விலை பேசுவார். பெயருக்கேற்ற சோதனைதான்! மனிதரை அவ்வாறு நடக்கவிட்டுப் பார்த்து முடிவு செய்ய இயலுமானால் பெண் கொடுப்போர்க்கு எத்துணைக் கவலை மிச்சம்!

எழுத்துக்கும் நடை உண்டு, உரைநடை என்கிறோம். இசைக்கும் நடை உண்டு. சதுச்ர நடை, திச்ர நடை, கண்ட நடை என்று தாளத்தின் ஓட்டத்தைப் பிரிப்பர். இவ்விடத்தில் திருவண்ணாமலையே நம் முன் மீண்டும் வருகிறது. தாளத்தின் நடைகளைத் தமிழ்ச் செய்யுளில் எவரும் எட்டாத அளவுக்குக் கையாண்ட அருணகிரிநாதர் இவ்வூரைச் சேர்ந்தவர் என்பது வழிவழிச் செய்தி. அவருடைய திருப்புகழின் சந்தங்களை எடுத்துக்கொண்டு, அதே நடையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மீது திருப்புகழ் பாடியவர் காயல்பட்டினத்துக் காசிம் புலவர். ஊர் வேறு, கொள்கை வேறு, பாடப்பட்டோர் வேறு. நடை மட்டும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தயக்கமின்றி வந்து சேர்ந்தது. நடை என்பது பார்த்துப் பழகிக்கொள்ளக்கூடியது என்பதற்கு இதனினும் நல்ல சான்று நமக்குத் தோன்றவில்லை. குழந்தையும் அவ்வாறே பழகுகிறது. நடத்தையையும் அது அவ்வாறே, நாம் கவனியாத வேளையில், நம்மைப் பார்த்துப் பழகிக்கொள்கிறது.

காலின் இயக்கத்தை வாழ்வின் ஒழுங்குக்குப் பெயராக்கியது தமிழ் மட்டுமன்று. ஒழுக்கம் என்பது ஒழுகுதலிலிருந்து வந்தது. நீர் ஒழுகுவதும் மனிதன் ஒழுகுவதும் ஒன்றெனக் கண்டனர் நம் முன்னோர். வழிபாடு என்பதே வழிப்படுதல்தானே! அரபு மொழியைப் பாருங்கள். ஸுன்னத் என்பதன் பழம்பொருள், பலரும் நடந்து நடந்து தேய்ந்த தடம். ஷரீஅத் என்பது நீர்த்துறைக்குச் செல்லும் பாதை. தரீக்கத்தும் பாதையே. மத்ஹபு என்பது ‘செல்லுதல்’ என்ற வினையில் பிறந்தது. எல்லாவற்றினும் நமக்கு நெருக்கமானது ‘ஸீரத்’ என்ற சொல். செல்லுதல், பயணம் செய்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து அது தோன்றிற்று. பின்னர் ஒருவர் ஒழுகிய முறைக்குப் பெயராயிற்று. அதன் பின்னர் அண்ணலாரின் வாழ்க்கை வரலாற்றுக்கே பெயராய் நிலைத்தது. அச்சொல்தான் உமறுப் புலவரின் கையில் ‘சீறா’ ஆயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் பாடப்பட்டு இன்றளவும் நம் இல்லங்களில் பெயர் விளங்கும் அக்காப்பியத்தின் தலைப்பையே தமிழில் பெயர்த்தால் ‘நடை’ என்றுதான் வரும். ஒரு மனிதரின் வாழ்வு முழுவதையும் ஒரு நடை என்று கண்ட மொழிகள் இரண்டு, நம் வீட்டில் ஒன்றாகவே புழங்கிவந்திருக்கின்றன!

எனினும் இவையெல்லாம் உவமைதானே, காலின் நடைக்கும் குணத்துக்கும் உண்மையில் என்ன தொடர்பு என்று ஒருவர் வினவலாம். வினவுவது நியாயமே. ஆனால் திருமறை இதனை வெறும் உவமையாக விட்டுவிடவில்லை. ஃபுர்கான் அத்தியாயத்தில் அளவற்ற அருளாளனின் அடியார்கள் யார் என்று அடையாளம் கூற வரும்போது, முதலில் சொல்லப்படுவது அவர்களுடைய தொழுகையன்று. பூமியின்மீது அவர்கள் பணிவாக நடப்பார்கள் என்பதே. இரவுத் தொழுகை அடுத்த வசனத்தில்தான் வருகிறது. லுக்மான் (அலை) தம் மைந்தருக்கு உரைத்த அறிவுரைகளிலும் செருக்காக நடவாதே, நடையில் நடுநிலை கொள் என்பது இடம்பெறுகிறது. பனீ இஸ்ராயீல் அத்தியாயத்திலோ, செருக்குடன் நடப்பவனை நோக்கி, உன் காலால் பூமியைப் பிளக்கவும் உன்னால் ஆகாது, உயரத்தில் மலைகளை எட்டவும் உன்னால் ஆகாது என்ற கருத்து கூறப்படுகிறது. 2,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அண்ணாமலையின் அடியில் நின்று அவ்வசனத்தை நினைப்பவர்க்கு அதன் பொருளுக்கு விரிவுரை வேண்டியதில்லை. மலையைச் சுற்றி ஐந்து மணி நேரம் நடந்தவனுக்குத் தன் அளவு என்ன என்பது காலிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் பணிவான நடை என்றால் என்ன? இதில்தான் பலர் தடுமாறுகின்றனர். தலையைத் தொங்கவிட்டு, காலை இழுத்து இழுத்து நடப்பதே பணிவு என்று எண்ணிக்கொள்கின்றனர். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் நடையைக் கண்டவர்கள் அதனை அவ்வாறு வருணிக்கவில்லை. மேட்டிலிருந்து இறங்குபவர்போல் சற்று முன்சாய்ந்து, காலை நன்கு தூக்கி வைத்து, விரைவாக நடப்பார்கள் என்றும், எவரையேனும் திரும்பிப் பார்க்க வேண்டுமானால் முகத்தை மட்டும் திருப்பாமல் முழுவதுமாகத் திரும்புவார்கள் என்றும் அவர்கள் கூறியுள்ளனர். கடைக்கண்ணால் பார்த்துப் போவது அவர்கள் வழக்கமன்று. பக்திமான்போல் தளர்ந்து நடந்த ஓர் இளைஞரை உமர் (ரலி) அவர்கள் ‘உமக்கு நோயா?’ என்று கேட்டு, இல்லையென்றதும் நேராக நடக்குமாறு கடிந்துகொண்டதாக விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டுவர். அதே அண்ணலார், தொழுகை தொடங்கிவிட்டது என்பதற்காக ஓடி வராதீர்கள், அமைதியாக நடந்து வாருங்கள் என்றும் பணித்தார்கள். விரைவும் குற்றமன்று, நிதானமும் குற்றமன்று. பிறர் பார்ப்பதற்காக நடப்பதே குற்றம்.

1896ஆம் ஆண்டு, பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்து, 1950இல் மறையும்வரை அவ்வூரை விட்டு நீங்காத இரமண மகரிஷி, மலையை எப்படிச் சுற்ற வேண்டும் என்று கேட்டவர்களிடம், நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல் நடக்க வேண்டும் என்பாராம். அழகான ஒப்பு! கர்ப்பிணியின் நடையில் பகட்டுக்கு இடமில்லை. அவள் மெதுவாக நடப்பது பிறர் தன்னைப் பணிவுடையவள் என்று சொல்வதற்காகவும் அன்று. தன்னுள் இருக்கும் இன்னோர் உயிருக்காக அவள் அடி பார்த்து வைக்கிறாள்.

இன்னோர் உயிருக்காக என்றதும் நம் நினைவு அன்னை ஹாஜரா (அலை) அவர்களிடம் செல்வது இயல்பு. நீரற்ற பள்ளத்தாக்கில் தாகத்தால் துடித்த குழந்தையை வைத்துவிட்டு, எங்கேனும் மனித நடமாட்டம் தெரிகிறதா என்று ஸஃபா குன்றின்மீது ஏறிப் பார்த்தார்கள். இறங்கி ஓடி மர்வாவில் ஏறினார்கள். மீண்டும் ஸஃபா, மீண்டும் மர்வா. இவ்வாறு ஏழு முறை. அன்றைக்கு அது ஒரு சடங்கன்று, வணக்கமன்று. ஒரு தாயின் தவிப்பு, அவ்வளவே. அதனையே உலகம் உள்ளளவும் ஹஜ்ஜின் கடமையாக்கினான் இறைவன். நம் பெரியோர் அதற்குத் ‘தொங்கோட்டம்’ என்று பெயரிட்டனர். ஒரு குன்றுக்கும் மறுகுன்றுக்கும் இடையே ஏறத்தாழ 450 மீட்டர். ஏழு முறைக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். இன்று அதற்குக் கூரையும் பளிங்குத் தரையும் குளிர்காற்றும் உண்டு. பள்ளம் இருந்த இடத்தைப் பச்சை விளக்குகள் காட்டுகின்றன. அவ்விடத்தில் ஆண்கள் விரைந்து ஓட வேண்டும், பெண்கள் ஓட வேண்டியதில்லை என்பது சட்டம். ஓடியவர் ஒரு பெண். அவரைப்போல் ஓடிக் காட்டும் பணி ஆண்களுக்கு! இதனை நம்மில் எத்தனை ஆண்கள் எண்ணிப் பார்த்தபடி ஓடுகின்றனரோ, இறைவனே அறிவான். பசித்த பிள்ளைக்காக அலையும் தாயின் தவிப்பை ஓர் ஆண் தன் சொந்தக் காலால், சில நிமிடமேனும், செய்து பார்க்கும்படி இச்சட்டம் வைத்துவிட்டது.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். முடியாதவருக்காக மற்றவர் நிறைவேற்றும் பதல் ஹஜ்ஜுக்கு மார்க்கம் இடமளிக்கிறதே, அப்படியானால் நடையையும் ஒருவருக்காக மற்றவர் நடக்கலாம் அன்றோ என்பர் சிலர். இயலாமைக்கு அளிக்கப்பட்ட சலுகை அது, சோம்பலுக்கு அன்று. கால் இருப்பவன் நடந்தே ஆக வேண்டும். மதீனாவில் பள்ளிவாசலுக்குத் தொலைவில் குடியிருந்த பனூ ஸலிமா குலத்தார், அருகில் வந்து குடியேற விரும்பினர். அங்கேயே இருங்கள், உங்கள் காலடிச் சுவடுகள் எழுதப்படுகின்றன என்று அண்ணலார் அவர்களைத் தடுத்துவிட்டார்கள். தொலைவு ஒரு குறையன்று என்பது மட்டுமன்று இதன் கருத்து. ஒவ்வோர் அடியும் நடந்தவன் பெயரில்தான் எழுதப்படுகிறது என்பதும் அன்றோ?

சரி, அடிகள் எழுதப்படுகின்றன. அவை எங்கே செல்லும் அடிகள் என்பதையும் பார்க்க வேண்டும். முழுநிலா கழிந்த மறுநாள் விடியலில் திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையில் நெகிழித் தாளும் குவளையும் எச்சில் இலையுமாய்க் கிடப்பவற்றைக் கூட்டி அள்ளும் துப்புரவுப் பணியாளரும் அதே 14 கிலோமீட்டரைத்தான் கடக்கின்றனர். கையில் துடைப்பத்துடன், குனிந்தபடி. வெறுங்காலுடன் நடப்போர் பாதையில் கண்ணாடிச் சில்லோ முள்ளோ கிடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பாதையில் கிடக்கும் இடையூறு ஒன்றை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பது நாம் சிறுவயதில் மதரஸாவில் மனனம் செய்த நபிமொழி. அக்கிளையை நாள்தோறும் பற்றி நிற்பவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் நாம் பெயர் கேட்டறியாத ஒருவராகவே இருப்பார். சுற்றி வந்தவர் நடையையும் கூட்டியவர் நடையையும் ஒப்பிட்டுத் தீர்ப்பளிக்க நமக்குத் தகுதியில்லை. அவற்றை எழுதுகிறவன் வேறொருவன்.

நடை என்ற சொல்லுக்கு நாம் இன்னும் தொடாத ஒரு பொருள் உண்டு. வாயிலும் அதனை அடுத்த இடைவழியும் நடையே. கோயில் நடை திறந்தது என்பர், நடை சாத்தியது என்பர். பழைய வீடுகளில் தெருத் திண்ணைக்கும் முற்றத்துக்கும் இடைப்பட்ட வழி நடை. நாமோ தொழும் இடம் முழுவதற்குமே ‘பள்ளிவாசல்’ என்று வாசலின் பெயரைச் சூட்டியிருக்கிறோம். நடக்கும் செயலுக்கும், உள்ளே விடும் இடத்துக்கும் ஒரே சொல். யார் எதுவரை நடக்கலாம் என்ற கேள்வி இச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

திருவண்ணாமலைக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையில் உள்ளது திருக்கோவலூர். அங்கே வழங்கும் வைணவ மரபுக் கதை ஒன்றுண்டு. மழை இரவில் ஒரு வீட்டின் இடைகழியில் அடியார் ஒருவர் ஒதுங்கிப் படுத்திருந்தார். இன்னொருவர் வந்து இடம் உண்டா என்று கேட்டார். ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம் என்று கூறி எழுந்து அமர்ந்தார் முன்னவர். மூன்றாமவரும் வந்தார். இருவர் அமரலாம், மூவர் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நின்றனர். பொய்கையார், பூதத்தார், பேயார் என்று அம்மூவரையும் குறிப்பர். கதையின் சமயப் பொருள் அவர்களுக்குரியது. நாம் கண்டு வியப்பது அந்தக் குறுகலான நடையை. இடம் பெருகவில்லை, முன்னால் வந்தவர் தம் வசதியைச் சுருக்கிக்கொண்டார், அவ்வளவே.

அதே திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்முடியனூர் என்ற சிற்றூர். அங்குள்ள முத்துமாரியம்மன் கோயில் நடையை ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாகப் பட்டியல் சாதி மக்கள் மிதிக்க இயலாமல் இருந்தது. 2023 ஜனவரி 30 அன்று, மாவட்ட ஆட்சியரும் காவல்துறையினரும் உடன் நிற்க, அம்மக்கள் பொங்கல் பானையும் மாலையுமாக முதன்முறை உள்ளே சென்றனர். சில அடித் தொலைவைக் கடக்க எண்பது ஆண்டுகள்! வைக்கத்தில் 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய போராட்டமோ கோயிலுக்குள் செல்வதற்காகக்கூட அன்று. கோயிலைச் சுற்றியுள்ள பொதுத் தெருவில் நடப்பதற்காக. பெரியார் ஈ.வெ.ரா. இருமுறை சிறை சென்றார். 1925 நவம்பரில் மூன்று பக்கத் தெருக்களே திறந்தன. அத்தெருக்களில் முஸ்லிமும் கிறித்தவரும் நடக்கத் தடையிருந்ததில்லை; ஈழவரும் புலையரும்தான் நடக்கலாகாது. அக்காலத்தில் அவ்வழியே தடையின்றி நடந்து சென்ற நம்மவர், பக்கத்தில் ஒருவன் பலகைக்கு அப்பால் நிறுத்தப்பட்டிருப்பதைக் கண்டு என்ன எண்ணினர்? தமக்குக் கிடைத்த வழியை உரிமையென எண்ணினரா, அடுத்தவனுக்கு மறுக்கப்பட்ட கொடுமையென எண்ணினரா? இக்கேள்வியைப் பழங்கதையென்று தள்ளிவிட வேண்டா. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கும் நாம், வீட்டு நடைக்கு வந்தால் எப்படி? துப்புரவு செய்ய வந்தவர் நடைக்கு வெளியே நின்று, தனிக் குவளையில் தேநீர் பருகும் வழக்கம் நம்மவர் வீடுகளில் எங்குமே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியவர் சொல்லட்டும்.

இனி, இச்சொல்லின் ஒரு கள்ளத்தனத்தையும் எடுத்துக்கூற வேண்டும். நடத்தையை நடப்பவன் தலையில் ஏற்றும் அதே வினை, வேண்டும்போது செய்தவனை மறைத்தும் விடுகிறது. ‘தவறு செய்தேன்’ என்பதற்கு நா எழுவதில்லை. ‘தவறு நடந்துவிட்டது’ என்கிறோம். தவறுக்குக் கால் உண்டா, தானே நடந்து வந்ததா? கொலை நடந்தது, கலவரம் நடந்தது, முறைகேடு நடந்தது என்று நாளிதழ் எழுதுகிறது. நம் இல்லங்களுக்கே வருவோம். ‘பெண் வீட்டாரிடம் கைக்கூலி வாங்கினோம்’ என்று எந்தத் தந்தையும் சொல்லி நாம் கேட்டதில்லை. ‘ஊர் வழக்கப்படி கொடுக்கல் வாங்கல் நடந்தது’ என்பார். மஹர் கொடுக்க வேண்டிய கை, பணம் வாங்கிய செய்தி அந்த ஒரு வினைக்குள் புதைந்துபோகும். உடன்பிறந்த பெண்ணுக்குத் திருமறை எழுதிவைத்த பங்கை எழுதி வாங்கிக்கொண்டவர்களும், ‘பாகப்பிரிவினை சுமுகமாக நடந்தது’ என்பர். யாருக்குச் சுமுகம்? அந்தச் சகோதரியைக் கேட்டால் அவர் வேறு வினைச்சொல் பயன்படுத்தக்கூடும்.

அலுவலகங்களிலும் இதே கதை. உதவித்தொகைக்கு விண்ணப்பித்த கைம்பெண் ஒருவர் ஆறுமாதம் நடையாய் நடந்தார் என்கிறோம். நடக்க வைத்தவர் என்று ஒருவர் இருந்தாரே, அவர் அவ்வாக்கியத்தில் எங்கே? 2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு விதிக்கப்பட்டு, வண்டிகள் நின்றபோது, வேலையும் கூலியும் இழந்த தொழிலாளர் மூட்டையும் பிள்ளையுமாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தனர். மே 8ஆம் நாள் விடியலில் மராட்டியத்தின் ஔரங்காபாத் அருகே, மத்தியப் பிரதேசத்தை நோக்கி இருப்புப்பாதை வழியே நடந்து களைத்துத் தண்டவாளத்திலேயே உறங்கிப்போன பதினாறு பேர் சரக்கு இரயிலில் சிக்கி மாண்டனர். விபத்து நடந்தது என்று எழுதினர். ஆம், விபத்தும் நடந்தது. ஆனால் அதற்கு முன்பு அவர்கள் நடந்தார்கள். ஊர் போய்ச் சேர வேறு வழி எதுவும் அவர்களுக்கு வைக்கப்படவில்லை. ‘நடந்தது’ என்பதற்கும் ‘நடந்தார்கள்’ என்பதற்கும் இடையிலுள்ள அந்த விகுதியில் பதினாறு உயிர் இருக்கிறது.

ஆகவே செய்தவன் மறைந்துகொள்வது என்றுமே இழிவுதான் என்று முடித்துவிடத் தோன்றும். அப்படியும் முடிக்க முடியவில்லை. நம் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்த ஒரு நெடுநடை குறுக்கே நிற்கிறது.

1930 மார்ச் 12 அன்று காந்தியடிகள் சபர்மதியிலிருந்து தண்டிக் கடற்கரைக்கு நடக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 385 கிலோமீட்டர், வயது அறுபது. ஒவ்வோர் ஊரிலும் தாம் செய்யப்போவது இன்னதென்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு நடந்தார். ‘நடந்துவிட்டது’ என்று பின்னால் ஒளிந்துகொள்ள இடம் வைக்காத நடை அது. அவரைத் தொடர்ந்து அவ்வாண்டு ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து இராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் வேதாரணியத்துக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ 240 கிலோமீட்டர். பதினைந்து நாள் கோடை நடை. தஞ்சை மாவட்டத்தில் அப்போது ஆட்சியராக இருந்த தார்ன் என்ற ஆங்கிலேயர், நடந்து வருவோர்க்கு உணவோ தங்க இடமோ தருபவர் எவராயினும் சிறைக்குச் செல்ல நேரிடும் என்று அறிவித்துவிட்டார். வழியிலுள்ள வீடுகளின் நடைகள் யாவும் சாத்தியாக வேண்டும் என்பது ஆணை.

வீட்டுக் கதவுகளைச் சாத்தச் சொன்னால் சாத்திவிடலாம். ஆனால் தொண்டர்கள் வரும் பாதையோரத்துச் சோலைகளில் மரக்கிளைகள்தோறும் சோற்றுப் பொட்டலங்கள் கட்டித் தொங்கின. கட்டியவர் இன்னாரென்று எதிலும் எழுதியிருக்கவில்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் தருமம் செய்பவருக்கு மறுமையில் அர்ஷின் நிழலில் இடமுண்டு என்று நாம் கேட்டிருக்கிறோம். அந்தச் சோழநாட்டு உழவர்கள் அதனைக் கேட்டிருப்பார்களோ, இல்லையோ! ‘சோறு கொடுத்தது யார்?’ என்று கேட்டால், ‘யாரும் கொடுக்கவில்லை, மரத்தில் இருந்தது’ என்றுதான் விடை வந்திருக்கும். தார்னின் ஆணையில் மரத்தைச் சிறையில் அடைக்க இடமில்லை. தொண்டர்கள் பொட்டலங்களை அவிழ்த்து உண்டு, கிழக்கு நோக்கி நடந்தனர்.